காற்றுப் போன சைக்கிள்

வில்லாவின் இரும்புக் கதவைத் தாண்டி வெளியே வந்தோம். மாமா சைக்கிளைத் தள்ளிக்கொண்டு முன்னால் நடந்தார், முன்சில்லில் காற்றில்லை. பழைய ரயில்பாதையில் ஏறிய பிறகுதான் எனக்குப் பேச வாய் வந்தது.

"நான் கேட்டதாலைதானோ மாமா?"

"பின்னை? உன்ரை வாய் லேசுப்பட்ட வாயே," என்றார். கோபித்துச் சொன்னதாகத் தெரியவில்லை.

தொண்ணூறுகளின் நடுப்பகுதி. எனக்குப் பத்து வயது. அம்மா இத்தாலியின் பலேர்மோவில் ஒரு சிஞ்ஞோராவின், அதாவது எசமானியம்மாவின், வீட்டில் தங்கி வேலை செய்தார். வியாழன், ஞாயிறு பின்னேரங்களில் மட்டும் வருவார். நானும் அம்மாவின் தம்பியான மாமாவும் கபோ சந்தைக்கு மேலே ஓர் அறையில் இருந்தோம். மாமாவின் பெர்மெஸ்ஸோ முடியப் போகிறது. அந்த அனுமதியைப் புதுப்பிக்க, யாராவது ஒப்பந்தம் எழுதி வேலை தர வேண்டும். மலையடிவாரத்து வில்லாவில் ஒரு கிழவரைப் பார்த்துக்கொள்ளும் வேலையை அம்மாதான் பலரிடம் கெஞ்சிப் பிடித்திருந்தார். காலை பத்து மணிக்கு வரச் சொன்னார்கள். மாமா அங்கேயே தங்க வேண்டும். அதனால் நான் கன்னியாஸ்திரிகளின் விடுதிக்குப் போவதாக ஏற்பாடு. விடுதியில் பந்தடிக்கப் பெரிய முற்றம் இருந்தது. நான் சப்பாத்தைக்கூடத் துடைத்து வைத்துவிட்டேன்.

அன்று வியாழன். என்னைத் தனியே விட முடியாமல் மாமா கூட்டிக்கொண்டு போனார். காலை படியிறங்கும்போது, "எங்கையாலை மாமா போறம்?" என்று கேட்டுவிட்டேன். வெளிக்கிட்டுப் போகிற ஒருவரிடம் 'எங்கே' என்று கேட்டால் போகிற காரியம் சரிவராது என்பது எங்கள் வீட்டில் எல்லோருக்கும் தெரியும். மாமா அப்படியே நின்றார்.

"கேட்டிட்டியே! இனி இருந்து தண்ணி குடிச்சிட்டுத்தான் போகவேணும்."

திரும்பி வந்து உட்கார்ந்து, மிடறு மிடறாகக் குடித்தார். பிறகு தேத்தண்ணீரும் போட்டார். சகுனத்துக்குத் தண்ணீரே போதும் என்றுதான் நான் நினைத்திருந்தேன்.

நகரம் முடியும் இடத்தில் அந்தப் பழைய ரயில்பாதை தொடங்கியது. தண்டவாளத்தைக் கழற்றிச் சரளை பரப்பி, நடக்கவும் சைக்கிள் ஓடவும் விட்டிருந்தார்கள். ரயிலுக்காகப் போட்டதால் ஏற்றமே தெரியாது. நான் சைக்கிளின் முன் பாரில் இருந்தேன். கூரை போன ஒரு ஸ்டேசனைத் தாண்டியதும் நாகதாளி முள் குத்திக் காற்றுப் போய்விட்டது.

எதிரே மஞ்சள் உடுப்பில் வந்த ஒரு சைக்கிள்காரர் இறங்கி, காற்றடிக்கும் பம்பையும் ஒட்டுப்போடும் பெட்டியையும் நீட்டினார். பத்து நிமிட வேலை. மாமா அவற்றை வாங்காமல் நெஞ்சில் கைவைத்து, "கிராட்சியே, பாசெஜ்ஜாத்தா," என்றார். நாங்கள் உலாவப் போகிறோமாம்! அவர் தோளைக் குலுக்கிவிட்டுப் போனார்.

"மாமா, நேரம் போட்டுது!"

"நடக்கிறது உடம்புக்கு நல்லதடா."

இருட்டான சுரங்கத்துக்குள் என்னைக் கூவச் சொல்லி, தானும் ரயில் மாதிரிக் கூவினார்.

வில்லாவை அடைந்தபோது பதினொன்றரை. மன்னார்க்காரர் ஒருவர் ஏற்கெனவே கிழவரின் சக்கர நாற்காலியைத் தள்ளிக்கொண்டிருந்தார். வீட்டுக்காரச் சிஞ்ஞோரா எங்களுக்கு இரக்கப்பட்டுத் தண்ணீர் தந்தார். மாமா அதையும் ஆறுதலாக இருந்து குடித்தார்.

திரும்பும் வழியெல்லாம் அழுதேன். பாதி என் வாய்க்காக, பாதி அந்த முற்றத்துக்காக. பின்னேரம் அம்மா வந்தார்.

"உன்ரை பிள்ளை எங்கையெண்டு கேட்டிட்டானக்கா, நான் என்ன செய்யிறது?" என்றார் மாமா. அம்மா என் காதை முறுக்கினார்.

பிறகு எத்தனையோ ஊர்களில் வேலை கேட்டு நடந்திருக்கிறேன். ஒரு வேலைக்குப் பிந்திப் போக இவ்வளவு பாடுபட்ட இன்னொருவரை நான் கண்டதில்லை.

மறுநாள் வெள்ளிக்கிழமை. முட்டைகூடத் தொடாத மாமா, விடிய முழுகித் திருநீறு பூசிக்கொண்டு, எங்கள் அறைக்குக் கீழேயிருந்த மீன்கடையில் பெட்டி கழுவும் வேலைக்குச் சேர்ந்தார். அங்கே ஒப்பந்தமும் இல்லை, ஒன்றும் இல்லை; ஆனால் நான் கூப்பிட்டால் கேட்கும் தூரம். மத்தியானம் எனக்குச் சோறு போட மேலே வந்தார். நான் மூக்கைப் பொத்திக்கொண்டு, "தள்ளி நில்லுங்கோ மாமா, நாறுது," என்றேன்.

"ஓம், ஓம்," என்று தள்ளி நின்றே போட்டார்.