இருநூற்றுப் பதின்மூன்று புள்ளிகளும் ஒரு ரிபன் கேக்கும்

1988ஆம் ஆண்டு செப்டெம்பர் மாதம் 12ஆம் திகதி, திங்கட்கிழமை, பின்னேரம் ஐந்து இருபது. கடற்பக்கம் இருட்டிக் கிடந்தது. குடையை விரித்தால் தூறல் நின்றது, மடக்கினால் தொடங்கியது. வெள்ளவத்தையில், காலி வீதியோரத்துத் தொலைபேசிக் கடையொன்றில், இங்கிலாந்திலிருந்து வரவிருந்த அக்காவின் அழைப்புக்காக அப்பாவும் நானும் காத்திருந்தோம். அன்று அப்பாவின் காதில் விழுந்த ஓர் எண்தான் அக்காவின் வாழ்க்கையைத் தீர்மானித்தது. ஆகவே இந்த ஓராண்டு நினைவில், அவருடைய பிறப்பை இரண்டாவதாக வைக்கிறேன். உறவினர்கள் பொறுத்துக்கொள்ள வேண்டும்.

அக்கா பிறந்தது கொட்டாஞ்சேனையில். அப்பா துறைமுகத்தில் எழுதுவினைஞர். எங்கள் பரம்பரையில் மாட்டைக் கூடத் தொட்டவர் கிடையாது. அக்கா மட்டும் கொழும்பிலிருந்த ஒரு குதிரையேற்றப் பயிற்சி நிலையத்தில் தட்டெழுத்தாளராகச் சேர்ந்தார். அவர் அங்கே தட்டெழுதவில்லை என்பதை அம்மா மூன்றாம் மாதம் உடுப்பின் மணத்தை வைத்தே கண்டுபிடித்தார். எண்பத்து மூன்றில் கொட்டாஞ்சேனை வீடு எரிந்தது. அதைப் பற்றி நான் இங்கே எழுதப்போவதில்லை. வெள்ளவத்தையில் இரண்டு அறைகளுக்குள் வந்து சேர்ந்தோம். அடுத்த வருடம் அக்கா இங்கிலாந்தில் ஒரு குதிரைப் பண்ணைக்கு வேலைக்குப் போனார். சாணம் அள்ளினார், பிறகு சவாரி செய்தார், பிறகு எங்கள் நாட்டின் பெயரில் சர்வதேசப் போட்டிகளில் இறங்கினார்.

போட்டி மூன்று நாள். முதல் நாள் குதிரை ஒழுங்காக நடந்து காட்ட வேண்டும். இரண்டாம் நாள் காடு, பள்ளம், தண்ணீர் எல்லாம் பாய வேண்டும். மூன்றாம் நாள் மைதானத்தில் தடி தாண்ட வேண்டும். அதை உறவினருக்கு விளங்கப்படுத்த முடியவில்லை. ஒருவர், வருகிற சனிக்கிழமை எந்தக் குதிரையில் காசு கட்டலாம் என்று அக்காவிடம் கேட்டு எழுதச் சொன்னார்.

அப்பா ஒரு நிபந்தனை விதித்திருந்தார். முதலாவது பெரிய போட்டியில் நல்ல பெறுபேறு வந்தால் தொடரலாம். இல்லையென்றால் திரும்பி வந்து, நுகேகொடையில் பார்த்து வைத்திருந்த வங்கி மாப்பிள்ளையைக் கட்ட வேண்டும். அந்தப் பெறுபேற்றைச் சொல்லத்தான் அக்கா அன்று அழைத்தார்.

"எத்தினை, பிள்ளை?" என்று அப்பா கத்தினார்.

"இருநூத்திப் பதின்மூண்டு, அப்பா."

"மற்றவைக்கு?"

"ஐம்பது, அறுபது. நூறைத் தாண்டினாக்கள் கொஞ்சப் பேர்தான். ஆனா நான் முடிச்சனான் அப்பா, அது..."

இணைப்பு அறுந்தது. அப்பா நிமிர்ந்து நின்று கடைக்கார நானாவுக்குச் செய்தியைச் சொன்னார். நானா அழைப்புக் காசை வாங்க மறுத்துவிட்டார்.

"மாஷா அல்லாஹ், நல்ல மாக்ஸ். எங்கட புள்ள கணக்குல நாப்பது."

அந்த விளையாட்டில் பிழைக்குத்தான் புள்ளி. குறைந்த புள்ளிதான் முதலிடம். அக்கா கடைசி. அன்று இது எங்கள் மூவருக்கும் தெரியாது. வெள்ளவத்தையில் புள்ளி என்றால் கூடினால்தான் நல்லது. வேறு விதமாகப் புள்ளி போடுகிற ஓர் இடம் உலகத்தில் இருக்கும் என்று யாரும் எங்களுக்குச் சொல்லித் தரவில்லை.

"நீ இப்ப குடு, நான் பிறகு தாறன்" என்று அப்பா சொன்னதால் ரிபன் கேக்குக்கும் ரோல்ஸுக்கும் நான் காசு கொடுத்தேன். கேக்கின் மேல் ஐசிங்கில் ஒரு குதிரை போடச் சொல்லியிருந்தோம். வீதிச் சோதனையில் பெட்டியைத் திறந்த படைவீரர் அதை நெடுநேரம் பார்த்துவிட்டு, ஆடா என்று சிங்களத்தில் கேட்டார். குதிரை என்றார் அப்பா. இருவரும் அதைப் பற்றிக் கொஞ்சம் வாதாடினார்கள். கடைசியில் அவருக்கும் ஒரு துண்டு போனது. மற்றவை முப்பத்தெட்டு வீடுகளுக்குப் போயின.

அப்பா கேக் வெட்டியதைப் பெருமையாக அக்காவுக்கு எழுதினார். அக்கா எனக்கு எழுதிய பதில் என்னிடம் இருக்கிறது: "கடைசியாக வந்த பிள்ளைக்குக் கேக் வெட்டுகிற அப்பா வேறு யாருக்குக் கிடைப்பார்? பெட்டியைக் கட்டி வைத்திருந்தேன் தம்பி, அவிழ்த்துவிட்டேன்." கடைசி என்பதை அவர் தன்னடக்கத்தோடு எழுதுகிறார் என்று நினைத்தேன்.

அடுத்த வருடம் நூற்று நாற்பது. அப்பா முகம் சுளித்தார். அதற்கடுத்தது தொண்ணூற்றெட்டு. கொச்சிக்கடை அந்தோனியாருக்கு மெழுகுதிரி ஏற்றினார். எழுபத்தொன்று என்ற செய்தி வந்ததும், பிள்ளைக்குக் கவனம் சிதறிவிட்டது, டிக்கெட் போட்டுக் கூப்பிடு என்றார். நுகேகொடை மாப்பிள்ளை அதுவரை கட்டாமலே இருந்தார்.

வரச் சொல்லத்தான் அக்காவுக்கு அழைப்பெடுத்தேன். அவர் என்னைப் பேச விடவில்லை.

"தம்பி, எழுபத்தொண்டு! ஆறாவதா வந்திட்டன்."

எழுபத்தொன்று எப்படி ஆறாவதாகும் என்று கேட்டேன். அவர் விளங்கப்படுத்த மேலதிகமாக நான்கு நிமிடம் பிடித்தது. வெளிநாட்டு அழைப்பில் நான்கு நிமிடம்.

வீட்டுக்கு வந்தபோது அப்பா சப்பாத்து மினுக்கிக்கொண்டிருந்தார். விஷயத்தைச் சொன்னேன்.

"அப்ப இருநூத்திப் பதின்மூண்டு?"

"முடிச்ச ஆக்களில கடைசி, அப்பா."

அவர் மற்றச் சப்பாத்தையும் மினுக்கி முடித்தார்.

"கேக் எத்தினை வீட்டுக்குப் போனது?"

"முப்பத்தெட்டு."

"வாயைத் திறவாதே" என்றார் அப்பா. பிறகு, "டிக்கெட் வேண்டாம்."

மறு வருடம் ஐம்பத்தெட்டு, நான்காம் இடம். எங்கள் ஒழுங்கையில் குடியிருந்த அயலவர்கள் ஆறுதல் சொல்ல வந்தார்கள். ஒருவர், பிள்ளையை ஒரு நல்ல டியூஷனுக்கு விடலாமே என்றார். அப்பா எல்லாருக்கும் தலையைத் தொங்கப்போட்டு, "ஓம், கடவுள் சித்தம்" என்று சொல்லி அனுப்பிவிட்டு, கதவைச் சாத்திக்கொண்டு கண்ணில் நீர் வரும்வரை சிரித்தார். கேக் சாப்பிட்டவர்களிடம் உண்மையைச் சொல்வதை விட, மகள் மோசமாகிக்கொண்டு போகிறாள் என்ற அனுதாபத்தைச் சாகும்வரை சுமக்க அவர் தயாராக இருந்தார். அப்படியே சுமந்தார்.

அக்காவுக்குத் தோள் எலும்பு இரண்டு தரம் முறிந்தது. யுத்த காலத்து விமான நிலையங்களில் எங்கள் கடவுச்சீட்டோடும் பெரிய சேணப் பையோடும் அவர் நின்ற மணித்தியாலங்களை அவரே எண்ணவில்லை. நானாவது எண்ணியிருக்கலாம். ஒருவரைப் பற்றியும் அவர் குறை சொன்னதில்லை, குதிரைகள் உட்பட. ஓய்வு பெற்று வெள்ளவத்தைக்கே திரும்பினார். கடைசி நாட்களில், பிரஷர் குறைந்துகொண்டு போகிறது என்று தாதி கவலைப்பட்டார். அக்கா என்னைப் பார்த்து, "அப்ப முன்னுக்கு வாறன்" என்றார். அதுதான் அவர் என்னோடு கடைசியாகக் கதைத்தது.

இறுதி ஆராதனை நடத்திய சுவாமிக்கும், பாடிய பிள்ளைகளுக்கும், தாதிக்கும், பெட்டி தூக்கிய ஆறு பேருக்கும் குடும்பத்தின் நன்றி. அன்று காசு வாங்காத நானாவுக்கும், ஆடு என்று சரியாகச் சொன்ன அந்தப் படைவீரருக்கும், முப்பத்தெட்டு வீட்டாருக்கும் நன்றி. நீங்கள் சாப்பிட்டது கடைசி இடத்துக்கான கேக். ஆனால் அதுதான் அக்கா கட்டிய பெட்டியை அவிழ்த்தது. அப்பா பிறகு தாறன் என்ற காசு வரவேயில்லை. கேக், ரோல்ஸ், ஐசிங்கில் ஆடு எல்லாம் சேர்த்து ஆயிரத்து நானூற்று அறுபத்தைந்து ரூபா.