டொக்டர் ஐயா என்று கூப்பிட்டார்கள்

ஆசிரியர் வேலையிலிருந்து ஓய்வு பெற்ற பிறகு உளவளத்துணையில் ஒரு சிறு பயிற்சி முடித்தேன். சனிக்கிழமைகளில் பதுளையில் பஸ் ஏறி, நமுனுகுலப் பக்கத்துத் தேயிலைத் தோட்டமொன்றுக்குப் போவேன். அங்கே மருந்து கொடுக்கும் அறையில், அவர்கள் சொல்லும் காம்பராவில், எனக்கும் ஒரு மேசை இருந்தது. மனக்கஷ்டத்தோடு வருகிறவர்கள் சொல்வதைக் கேட்பதுதான் என் வேலை. மாத்திரையைப் பற்றிப் பேச எனக்கு உரிமையில்லை. அது எனக்கு நன்றாகவே தெரியும்.

அந்தக் காம்பராவில் யார் பேனாவோடு உட்கார்ந்தாலும் தோட்டத்தாருக்கு அவர் டொக்டர் ஐயாதான். முதல் நாள், "நான் டொக்டர் இல்லை, உளவளத்துணையாளர்" என்றேன்.

"அது வாயில நுழையலீங்களே, டொக்டர் ஐயா" என்றார் ஒருவர். எல்லோரும் சிரித்தார்கள். நானும் சிரித்தேன். பிறகு திருத்தவேயில்லை. உண்மையைச் சொன்னால், அது எனக்குப் பிடித்திருந்தது. மாஸ்டராக இருந்த காலத்தில் யாரும் எனக்கு இப்படி நாற்காலியைத் துடைத்துப் போட்டதில்லை.

கொழுந்து பறிக்கும் ஓர் அம்மா தன் மகளை அழைத்து வருவார். காதில் குரல்கள் கேட்டு மிகவும் துன்பப்பட்ட பெண். பதுளை ஆஸ்பத்திரிக் கிளினிக்கில் கொடுத்த மாத்திரையால் தேறியிருந்தாள்.

"மாத்திர போட்டா தூங்கித் தூங்கி விழுறா. நிப்பாட்டலாங்களா, டொக்டர் ஐயா?" என்று அம்மா ஒரு நாள் கேட்டார்.

கிளினிக்கில் கேளுங்கள் என்று சொல்லியிருக்க வேண்டும். அப்படிச் சொன்னால் டொக்டர் ஐயாவின் மரியாதை என்னாவது? "நல்லாத்தானே இருக்கா. நிறுத்திப் பாருங்க" என்றேன்.

சில வாரங்களில் குரல்கள் திரும்பி வந்தன. சோற்றில் விஷம் இருப்பதாக அவை கூறினவாம். அம்மா ஊட்டினாலும் அவள் வாய் திறக்கவில்லை. வேன் பிடித்துப் பதுளை ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோனார்கள். நானும் கூடப் போனேன்.

"மாத்திரையை யார் நிறுத்தச் சொன்னது?" என்று கேட்டார் அங்கிருந்த டொக்டர்.

அம்மா என் பக்கம் திரும்பவேயில்லை. "யாரும் சொல்லலீங்க. நாந்தான் புத்தியில்லாம நிப்பாட்டிட்டேன்."

என் பெயரைக் காப்பாற்ற அவர் தன்னைப் புத்தியில்லாதவராக்கிக்கொண்டார். அதற்கு மேல் என்னால் பேசாமல் இருக்க முடியவில்லை. "நான்தான் சொன்னேன். நான் டொக்டர் இல்லை" என்றேன்.

மகளை வார்டில் சேர்த்தார்கள். வெளியே வந்ததும் அம்மா கேட்டார்: "அப்ப நீங்க யாருங்க?"

"பள்ளிக்கூடத்தில் படிப்பித்த மாஸ்டர்."

அம்மா என்னைத் திரும்பிப் பார்த்தார். "மாஸ்டர்னு தெரிஞ்சிருந்தா, கிளினிக்ல ஒரு வார்த்த கேட்டுட்டு நிப்பாட்டியிருப்பேனே." கோபமாகக்கூடச் சொல்லவில்லை.

மகள் மெல்லத் தேறினாள். அம்மா பிசைந்து கொடுத்த சோற்றை வாங்கித் தின்றாள். எனக்கு மேசை கொடுத்தவர்களிடமும் நடந்ததைச் சொன்னேன். கேட்பதோடு நிறுத்திக்கொள்வதென்றால் வரலாம் என்றார்கள். இப்போது புதிதாக யாராவது வந்தால் அந்த அம்மாவே முந்திக்கொள்கிறார்: "அவரு டொக்டர் இல்ல, மாஸ்டர். மாத்திரையப் பத்தி மட்டும் கேட்டுராதீங்க."

நாற்காலியை நானே துடைத்துக்கொண்டு உட்காருகிறேன்.