கொழுத்தால் உம்மா வருவா

என் ஆயுளில் பாடுபட்டுச் சாதித்த காரியம் ஒன்றே ஒன்றுதான்: கொழுத்தது. எழுத்தும் கணக்கும் ஏறாத உடம்பில் சதை மட்டும் தாராளமாக ஏறியது.

இரண்டாம் வகுப்புவரை நான் வெறும் எலும்பு. வாப்பா கரவலை இழுத்துக் கொண்டுவரும் மீனை உம்மா ஆணம் காய்ச்சுவார். அதைச் சோற்றில் ஊற்றி, கீரையும் சேர்த்து வயிறு நிறையத் தின்பேன். பிறகு கடற்கரை மணலில் ஓடியே அத்தனையையும் கரைத்துவிடுவேன். பள்ளிக்கூடத்துக்கு நிறை பார்க்க வந்த ஆஸ்பத்திரி மிஸ்ஸி, தராசில் நின்ற என்னிடம், "ஏறிட்டியா, இன்னும் இல்லையா?" என்று கேட்டார். அந்தக் கதை உம்மாவின் காதுக்கும் போனது.

அந்த வருடம் வலையில் மீனும் படவில்லை. உம்மா குவைத்துக்கு வீட்டு வேலைக்குப் புறப்பட்டார். நான் சேலையைப் பிடித்துக்கொண்டு கத்தினேன்.

"ஏன் உம்மா போறீங்க?"

"உன்ட உடம்பு தேறத்தான் மகன். நல்லாத் திண்டு கொழுத்துக் காட்டு, உம்மா ஓடி வந்திருவன்."

அழுகிற பிள்ளையைச் சமாளிக்கச் சொன்ன வார்த்தை. நான் அதை அப்படியே பிடித்துக்கொண்டேன்.

வாப்பாவுக்கு அடுப்பு மூட்டத் தெரியும். அதற்கு மேல் தெரியாது. காலையும் இரவும் கடையில் வாங்கிய பாண் ரொட்டியும் சீனியும்தான். உம்மா அனுப்பிய பால்மாவைக் கரைத்துக் குடிக்கப் பொறுமையில்லாமல் கரண்டியால் அள்ளி வாயில் அடைத்தேன். உம்மாவின் நினைவு வந்தால் இன்னொரு துண்டு பாண். நினைவு அடிக்கடி வந்தது. விளையாடவும் போகவில்லை. ஓடினால் கரைந்துவிடுமே!

அடுத்த முறை மிஸ்ஸி வந்தபோது தராசின் முள் துள்ளியது.

"டேய், பாண் சுடுற போறணையே நடந்து வருது!" என்றான் பின்னால் நின்றவன். வகுப்பே சிரித்தது. எல்லோரையும்விட நான்தான் உரக்கச் சிரித்தேன். மூச்சு வாங்க வாங்கக் கடற்கரைக்குப் போனேன்.

"வாப்பா, நான் கொழுத்திட்டன்! உம்மாவ வரச் சொல்லுங்க!"

வாப்பா வலைக்கயிற்றை விட்டுவிட்டு என்னைப் பார்த்தபடி நின்றார். "ஓம் மகன்" என்றார்.

மறுநாள் கல்முனையில் ஒரு ஸ்டூடியோவுக்குக் கூட்டிப்போய்ப் படம் பிடித்து அனுப்பினார். உம்மாவுக்குச் சந்தேகம் வந்துவிடக் கூடாதென்று கன்னத்தை உப்பிக்கொண்டு நின்றேன்.

படத்தைப் பார்த்து உம்மாவுக்கு அத்தனை சந்தோஷமாம். பட்ட பாட்டுக்குப் பலன் தெரிகிறதென்று இன்னும் இரண்டு வருடம் அங்கேயே நின்றுவிட்டார். நானோ, படம் தெளிவாக விழவில்லை போலும் என்று எண்ணி இன்னும் மும்முரமாகத் தின்றேன்.

கடைசியில் ஒருநாள் வந்தார். வாசலில் பெட்டியை வைத்துவிட்டு, என் இரண்டு கக்கத்திலும் கை கொடுத்துத் தூக்கப் பார்த்தார். என் கால் நிலத்தை விட்டு எழும்பவில்லை. மறுபடியும் தூக்கப் பார்த்தார்.

"எப்பிடி உம்மா என்ட பாரம்?" என்று பல்லை இளித்தேன்.

உம்மா என் தோளில் முகத்தை வைத்து விம்மி விம்மி அழுதார். சந்தோஷத்தில்தான் அழுகிறார் என்று நினைத்து, தூக்கத் தோதாக நான் எம்பி எம்பிக் கொடுத்தேன்.