ஆபரேட்டர் அக்காவின் கோல்

அந்த மருத்துவமனையின் முதல் மாடியில் ஃபோனே ஆளைக் கூப்பிட்டுக் கொல்லப் பார்க்கிறதாம். முடிவெட்டும் கடையில் கேட்டது. அங்கே பிறக்கும் செய்திக்குத் தலையும் கிடையாது, வாலும் கிடையாது. ஆனாலும் பிடரி சிலிர்த்தது, கத்தியினாலும் இருக்கலாம். போய்ப் பார்த்தேன்.

பார்வையற்றவர்களுக்கு வழி சொல்லும் செயலி அங்கே வந்திருக்கிறது. சுவரில் ஒட்டிய சின்னப் பெட்டிகளை வைத்து, ஆள் நிற்கும் இடத்தை ஃபோன் கண்டுகொள்ளும். அதைச் சோதிப்பவர் ஆபரேட்டர் அக்கா. பிறவியிலேயே பார்வையில்லாதவர். பாதி ஆயுளை அங்குள்ள டெலிபோன் அறையில் கழித்தவர்; ஒரு 'ஹலோ'வை வைத்தே எந்த டாக்டர் வீட்டில் சண்டை என்று சொல்லிவிடுவார். அந்த அறையை மூடியபோது செயலியை அவர் தலையில் கட்டினார்கள்.

"வீட்டுக்காரர் இன்னைக்கு முழங்கால் பயிற்சிக்குத் தனியா வர்றார், தம்பி. அவருக்கும் பார்வை இல்ல. என்னைவிட ஃபோனைத்தான் நம்புவார். எதிர்த்துப் பேசாதாம்."

படிக்கட்டு முடியும் இடத்தில் தொட்டறியும் வரைபடப் பலகை. புடைத்த கோடுகளில் அக்காவின் விரல் ஓடியது. பயிற்சி அறை வலப்பக்கம், லிஃப்ட் இடப்பக்கம். ஃபோனில் பயிற்சி அறைக்கு வழி கேட்டு நடந்தோம். வளைவில் ஃபோன் இனிமையாகச் சொன்னது: "இடப்பக்கம் திரும்பி, திரையை விலக்கி உள்ளே செல்லுங்கள்."

இரண்டு பக்கமும் ஒரே பச்சைத் திரை. கண்ணிருந்தும் எனக்கு வித்தியாசம் தெரியவில்லை.

அக்கா கோலைத் திரைக்கு அடியில் நீட்டினார். கோல் எதிலும் தட்டவில்லை. கீழிருந்து குளிர்ந்த காற்று வந்தது.

"தரை இல்ல, தம்பி."

பழுதுபார்க்க லிஃப்டின் கதவைக் கழற்றியவர்கள், பார்க்க நன்றாயிருக்கட்டுமென்று திரை போட்டிருக்கிறார்கள். பெயின்ட் அடிக்கப் பெட்டிகளைக் கழற்றியவர்கள், எல்லாம் ஒரே மாதிரிதானே என்று இடம் மாற்றி ஒட்டியிருக்கிறார்கள்.

அக்கா கணவரை அழைத்தார். எடுக்கவில்லை. "வழி கேட்டுக்கிட்டிருந்தா எடுக்க மாட்டார்." கோலைத் திறப்பின் குறுக்கே, கதவுச் சட்டத்தில் இறுக்கிச் செருகினார். அதன் முன்னால் கைகளை விரித்து நின்றார்.

வராந்தாவில் டொக் டொக்கென்று இன்னொரு கோல் நெருங்கியது.

"யாருங்க, வழிய விடுங்க. உள்ள போகச் சொல்லுது."

"நான்தான்."

"நீயா? இங்கயும் குறுக்க வந்துட்டியா?"

அக்கா கணவரின் சட்டையைப் பிடித்து வலப்பக்கம் இழுத்துப் போனார்.

"வேற தடுப்பு போட்டதும் கோலைக் கொண்டாந்து தர்றேன்க்கா" என்று வாக்குக் கொடுத்தேன். மேலாளரிடம் சொன்னேன், "பார்த்துக்கிறோம்" என்றார்.

மறுவாரமும் போனேன். ஃபோன் அதே இனிமையோடு உள்ளே அழைத்தது. திறப்பின் குறுக்கே அந்தக் கோலைத் தவிர வேறு தடுப்பு இல்லை. தொட்டுப் பார்த்துவிட்டு வெறுங்கையோடு திரும்பினேன். அக்காவுக்கு நான் தரவேண்டிய கோல் இன்னும் பாக்கி.