மேஜைக்கடியில் மோட்டார்

பாளையங்கோட்டையில் பஸ்ஸோ லாரியோ வேனோ, சீட் தைக்க வேண்டுமென்றால் தவசிமுத்து கடை எங்கே என்றுதான் கேட்பார்கள். கேட்காதவன் வெளியூர்க்காரன். நான்தான் அந்தத் தவசிமுத்து. ராதாபுரம் பக்கத்துப் பனங்காட்டிலிருந்து மாற்றுத்துணி இல்லாமல் வந்து இறங்கியவன். நாலாம் வகுப்பைத் தாண்டவில்லை. இன்றைக்கு நான் தைத்த சீட்டில் உட்காராமல் இந்த ஊரில் ஒரு குமாஸ்தாவும் ஆபீஸ் போய்ச் சேர முடியாது. பெருமைக்காகச் சொல்லவில்லை என்று சிலர் ஆரம்பிப்பார்கள். நான் பெருமைக்குத்தான் சொல்கிறேன்.

எங்கள் சபை மலரில் மூத்தவர்கள் தங்கள் வாழ்க்கையை எழுதித் தர வேண்டுமாம். மற்றவர்கள் எல்லாரும் மன்னிக்கக் கற்றுக்கொண்டதை எழுதுவார்கள். எனக்கு அது வராது. நான் வேதசிகாமணி சாரைப் பற்றி எழுதுகிறேன். என் வாழ்க்கை என்பதே அதுதான்.

அவர் பள்ளிக்கூடத்து வாத்தியார். பழைய மிஷன் குடும்பம். ஊரில் பைப் ஆர்கன் இருக்கிற கோயிலில் பாடகர் குழுவுக்குத் தலைவர். கோயில் பெயரை எழுதவில்லை, தெரிந்தவர்களுக்குத் தெரியும். நான் சீட் கடையில் எடுபிடியாக இருந்த காலத்தில் அந்தக் குழுவில் சேர்ந்தேன். என் குரல் அப்படி. நான் பேசினாலே தையல் மெஷின் மேலே இருக்கிற நூற்கண்டு உருளும்.

கிறிஸ்மஸ் கீத ஆராதனையில் அங்கே ஒரு பாட்டு பாடுவார்கள். வெள்ளைக்காரன் தேசத்திலேயே அது நானூறு வருஷப் பழசு. மேய்ப்பர்கள் ஆட்டை விட்டுவிட்டு ஓடி வருகிற கதை. யாரோ பழைய காலத்து வாத்தியார் தமிழில் வார்த்தை போட்டிருந்தார். முதலில் ஆர்கன் இல்லாமல், பாஸ் என்கிற கனத்த அடிக்குரல் தனியாக எடுக்க வேண்டும். அதன் மேல் மற்ற மூன்று குரலும் ஒவ்வொன்றாய் ஏறும். கடைசியில் ஆர்கன் வந்து சேரும்போது பாஸ்காரன் ஒரே சுரத்தைப் பிடித்துக்கொண்டு, மச்சு வீட்டுக்குத் தூண் மாதிரி, பாட்டு முடிகிறவரை நிற்க வேண்டும்.

ஒத்திகையில் எல்லார் கையிலும் சொல்ஃபா தாள் கொடுத்தார்கள். ஒவ்வொரு குரலும் எந்தச் சுரத்தில் போக வேண்டும் என்று இங்கிலீஷ் எழுத்தாலேயே எழுதிய தாள். பாளையங்கோட்டையில் அது படிக்கத் தெரியாதவன் பாடகனே இல்லை. எனக்குத் தெரியாது. பக்கத்தில் நிற்பவன் பாடுவதைக் காதில் பிடித்துத்தான் பாடினேன். சரியாகத்தான் பாடினேன். ஆனால் தாளைத் தலைகீழாகப் பிடித்திருந்தேன்.

வேதசிகாமணி சார் கையைத் தட்டிப் பாட்டை நிறுத்தினார்.

"ஏலே தவசி, தாளைத் திருப்பிப் பிடி. இயேசுசாமி தலைகீழா பொறக்கல."

பெண்கள் வரிசைகூடச் சிரித்தது. அதோடு விட்டிருந்தால் நானும் சிரித்திருப்பேன்.

"ஒன் தொண்டை பனைக்குக் கீழ நின்னு மேல இருக்கவனைக் கூப்பிடத்தான் ஆகும். கோயிலுக்கு ஆகாது. பின்னால போயி காத்து போடு, போ."

அப்போது மின்சாரம் அடிக்கடி போகும், ஆர்கனுக்குக் காற்றடிக்கிற மோட்டார் நின்றுவிடும். ஆர்கனுக்குப் பின்னால் ஒரு மரக் கைப்பிடி உண்டு. அதை ஏற்றி இறக்கினால் துருத்தியில் காற்று நிறையும், குழாய்கள் பாடும். அந்தக் கிறிஸ்மஸுக்கு நான் இருட்டில் நின்று கைப்பிடி அடித்தேன். என் பாட்டை வேறொருவன் பாடினான், தண்ணீர் விட்ட மோர் மாதிரி. அந்த இடத்திலேயே முடிவு செய்தேன். இதே கோயிலில், இதே பாட்டை, இந்த மனிதர் காது கேட்க நான் எடுத்துப் பாட வேண்டும். அதற்கு முன்னால் சாவதில்லை.

பிறகு வேறு சபைக்குப் போய்விட்டேன். சொந்தக் கடை போட்டேன். கெசியா டீச்சரைக் கல்யாணம் செய்தேன். அவளிடமே சொல்ஃபா படித்தேன். சொல்ஃபாவுக்காகத்தான் தன்னைக் கட்டினேன் என்று அவள் இன்றைக்கும் சொல்லுவாள். பாதி உண்மை.

போன கிறிஸ்மஸுக்கு முன்னால் வேதசிகாமணி சாரின் மகள் ஸ்வீட்லின் என் கடைக்கு வந்தாள். அவள்தான் இப்போது அங்கே ஆர்கன் வாசிக்கிறாள். துருத்தித் தோலை எலி கடித்துவிட்டதாம். ஆர்கன் பழுது பார்க்கிறவர் ஈஸ்டர் கழித்துத்தான் வருவாராம்.

"நீங்க தோலும் தைப்பீங்களாமே அண்ணாச்சி?"

"தைப்பேன் தாயி. ஒங்க அப்பா வந்து கேக்கட்டும்."

வந்தார். எண்பது வயதிலும் முதுகு வளையவில்லை. குடையை மடித்துக்கொண்டு வாசலில் நின்றார்.

"என்னவே தவசிமுத்து, வரச் சொன்னீராம்."

"உக்காருங்க சார். அந்த சீட்டு நான் தச்சதுதான். தலைகீழா தைக்கல."

உட்கார்ந்தார். சிரிக்கவில்லை.

"இத்தன வருசமா அதையா செமந்துக்கிட்டுத் திரியுதீரு?"

"செமக்கல சார். தச்சு வச்சிருக்கேன்."

கூலி வேண்டாம், மேய்ப்பர் பாட்டில் பாஸ் எடுக்கிற இடம் எனக்கு வேண்டும் என்றேன். அவர் என் நரைத்த தலையைப் பார்த்தார்.

"மூச்சு நிக்குமாவே?"

"காத்து போட்டுப் பழகினவன்லா நான்."

"சரி, பாடும்" என்று எழுந்து போனார்.

நானும் என் கடையில் ரொம்ப வருஷமாகத் தைக்கிற மேலப்பாளையம் நாசரும் போய் வேலை பார்த்தோம். ரெக்சின் அதற்கு ஆகாது, மடிப்பில் வெடித்துவிடும். மெல்லிய ஆட்டுத்தோல் வாங்கி, வச்சிரப் பசை காய்ச்சி ஒட்டினோம். துருத்தி பசு மாட்டு வயிறு போல உப்பி நின்றது. இந்தியாவில் எவனும் அதைவிட நன்றாகச் செய்திருக்க மாட்டான். அதை முடித்துவிட்டு, காற்றடிக்கிற மோட்டாரைக் கழற்றினேன்.

"அது நல்லாத்தான ஓடுது அண்ணாச்சி?" என்றான் நாசர்.

"ஒனக்கு நல்லா ஓடுது. எனக்கு ஓடல."

"ரமலான் மாசமா இருந்தா இந்த வேலைக்கு நான் கூட வந்திருக்க மாட்டேன், பாத்துக்கிடுங்க."

"இது டிசம்பர்லே. தூக்கு."

மோட்டாரைக் கடைக்குக் கொண்டுவந்து என் மேஜைக்கடியில் வைத்துச் சாக்கைப் போட்டு மூடினேன். மோட்டார் காயில் எரிந்துவிட்டது, கிறிஸ்மஸுக்குள் ஆகாது, கையால்தான் காற்று போட வேண்டும் என்று சொல்லிவிட்டேன். இந்தக் காலத்துப் பிள்ளைகளுக்கு அது வராது. வேகமாக அடித்தால் ஆர்கன் இருமும், விட்டுவிட்டு அடித்தால் முனகும்.

"சார்தான் எல்லாருக்கும் கத்துக் குடுத்தவுக. அவுகளே போடட்டும்" என்றேன்.

"அப்பாவுக்கு எம்பது வயசு அண்ணாச்சி!" ஸ்வீட்லினுக்குக் கண் கலங்கிவிட்டது.

வேதசிகாமணி சார் என்னைக் கொஞ்ச நேரம் பார்த்தார். "மோட்டார் பழுதுன்னா சொன்னீரு?"

"ஆமா சார்."

"சரி. நான் போடுதேன்."

கீத ஆராதனை அன்று கோயில் நிறைந்து வெளியிலும் நாற்காலி போட்டிருந்தார்கள். கெசியா முன்வரிசையில் இருந்தாள். நாசரும் வெள்ளைச் சட்டை போட்டு வந்து வாசலோரம் நின்றான். பாஸ் வரிசையில் நான். தாளை நேராகப் பிடித்திருந்தேன், அது தேவையே இல்லை என்றாலும். ஆர்கனுக்குப் பின்னால், நான் நின்ற அதே இருட்டில், அவர். இரண்டு குழாய்களுக்கு நடுவே இருந்த இடைவெளி வழியாக அவர் தோள் ஏறி இறங்குவது எனக்குத் தெரிந்தது. எனக்குக் கிறிஸ்மஸ் அப்போதே வந்துவிட்டது.

பாட்டு வந்தது. எடுத்தேன். தனியாக, ஒரே குரல். உத்தரத்தில் இருந்த புறாக்கள் எழுந்து பறந்தன, வேண்டுமானால் மணியடிக்கிற கோயில் பிள்ளையைக் கேளுங்கள். மற்றக் குரல்கள் ஏறின. கடைசியில் ஆர்கன் சேர்ந்தது. என் நீளச் சுரத்தைப் பிடித்து நின்றேன்.

அப்போது ஆர்கனின் சுரம் கீழே இறங்கியது. ஆடு இழுத்துக் கத்துகிற மாதிரி ஒரு சத்தம், பிறகு அதுவும் இல்லை. பாடகர்கள் திகைத்து ஒவ்வொருவராய் நின்றுவிட்டார்கள். நான் மட்டும் பிடித்துக்கொண்டிருந்தேன். இடைவெளி வழியாகப் பார்த்தேன். அவர் களைத்து விழவில்லை. நெற்றியில் வியர்வைகூட இல்லை. கைப்பிடியை விட்டுவிட்டு, கையைக் கட்டிக்கொண்டு, என்னைப் பார்த்துக்கொண்டு நின்றார்.

மோட்டார் விஷயம் அவருக்குத் தெரிந்திருந்தது. முதல் நாளே தெரிந்திருக்க வேண்டும்.

நிறுத்தினால் அவர் ஜெயித்தார். நான் நிறுத்தவில்லை. நெஞ்சுக்குள்ளே என் துருத்தி வற்றிக்கொண்டு வந்தது. மெழுகுவத்திகள் இரண்டிரண்டாகத் தெரிந்தன. கெசியா எழுந்து நின்றுவிட்டாள். அவர் அசையவே இல்லை. கண் இருட்டுகிற நேரத்தில்தான் பைய கையை நீட்டிக் கைப்பிடியைப் பிடித்தார். ஆர்கன் திரும்ப எழுந்தது, ஸ்வீட்லின் பாடகர்களைப் பார்த்துத் தலையை ஆட்டினாள், எல்லாக் குரலும் என் மேல் வந்து விழுந்தன, பாட்டு முடிந்தது.

நடுவில் ஆர்கன் ஓய்ந்ததைச் சபை முழுக்க ஏற்பாடு என்றே நினைத்தது. பாதிரி ஐயர் ஜெபத்தில் "அந்த ஒற்றைக் குரலுக்காக" என்று ஸ்தோத்திரம் சொன்னார். வெளியே கேக்கும் டீயும் கொடுத்த இடத்தில் ஆட்கள் என் கையைக் குலுக்க வரிசையில் நின்றார்கள். அந்த வரிசையில் அவரும் வந்தார்.

"நல்லாத்தான் பிடிச்ச. ஆனா ஆர்கன் திரும்பி வந்தப்ப நீ அரைச் சுரம் கீழ கெடந்தலே."

"பொய்யி."

"ஒனக்குத் தெரியாது. அதாம்லே அன்னைக்குப் பின்னால அனுப்பினேன்." குடையை ஊன்றிக்கொண்டு போய்விட்டார்.

ஸ்வீட்லினைப் பிடித்துக் கேட்டேன். "உண்மையைச் சொல்லு தாயி. எறங்கினேனா?"

"டீ ஆறுது அண்ணாச்சி, குடிங்க."

கெசியாவைக் கேட்டேன். "நான் எங்க கேட்டேன்? அழுதுக்கிட்டுல்லா இருந்தேன்."

"எதுக்கு அழுத?"

"நீங்க செத்துருவீகன்னு."

நாசருக்கு எல்லாம் ஒன்றுபோலத்தான் கேட்டதாம். போனில் படம் பிடித்தவர்களிடமும் கேட்டு வாங்கிப் பார்த்தேன். என் குரல் வருகிற இடத்தில் போன் வெறுமனே கரகரக்கிறது. அந்தச் சத்தத்தைத் தாங்குகிற போன் இன்னும் வரவில்லை.

மோட்டாரை நான் திருப்பிக் கொடுக்கவில்லை. ஸ்வீட்லின் கேட்கும்போதெல்லாம் சாமான் வரவில்லை என்கிறேன். போன மாதம் அவர் அவளிடம் சொல்லி அனுப்பினார்: "மோட்டாருக்கு ஒண்ணும் அவசரமில்ல. காத்து நான்தான் போடுவேன்னு அவன்ட்ட சொல்லு." இதைப் படித்துவிட்டு யாராவது என் மேஜைக்கடியில் வந்து தேடவேண்டாம். வேறு இடத்துக்கு மாற்றிவிட்டேன்.

இப்போது தினமும் காலையில் கதவைச் சாத்திக்கொண்டு அந்த ஒரே சுரத்தைப் பிடித்துப் பழகுகிறேன். கெசியா பக்கத்தில் ஹார்மோனியத்தை அமுக்கிக்கொண்டு இருப்பாள். ஒரு மயிரிழை இறங்கினாலும் சொல்லிவிடுவாள். இந்தக் கிறிஸ்மஸுக்கு அவர் எவ்வளவு நேரம் கையைக் கட்டிக்கொண்டு நின்றாலும் சரி. அதுவரைக்கும் அவருக்கு ஒரு தும்மல்கூட வரக்கூடாது. அவருடைய சுகத்துக்காக, அவருடைய சொந்த மகளைவிட அதிகமாக, நான் முழங்கால் போட்டு ஜெபிக்கிறேன்.