வலக்கையில் தொடங்கி இடக்கையில் முடித்த காவடி

கவிதா, முகிலா,

அம்மாவின் முதலாம் ஆண்டு நினைவு மலரில் அப்பாதான் எழுத வேண்டும் என்று நீங்கள் இருவரும் பிடிவாதமாகச் சொல்லிவிட்டீர்கள். நான் தமிழ்ப்பள்ளியில் ஆறாம் வகுப்போடு நின்றவன். அதற்குப் பிறகு லாரிதான். இந்த மலர் உறவினர், நண்பர்கள் எல்லோர் கைக்கும் போகும் என்பது தெரியும். ஆனாலும் உங்களிடம் பேசுவதாக நினைத்துக்கொண்டால்தான் எனக்கு எழுத வருகிறது. பிழை இருந்தால் பெரியவர்கள் பொறுத்துக்கொள்ளவும்.

அம்மா பாடாங் செராய்க்குப் பக்கத்துத் தோட்டத்தில், ரப்பர் பால்மரம் வெட்டும் குடும்பத்தில் மூத்தவராகப் பிறந்தார். மரத்தில் காய்ந்து கிடக்கும் ஒட்டுப்பாலை இழுத்து உருட்டி யானை, குதிரை, கங்காணி என்று பொம்மைகள் செய்வாராம். கங்காணியின் தொப்பையைப் பார்த்து லயத்து வீடுகளில் எல்லோரும் சிரித்தார்களாம். அம்மாவுக்கு மட்டும் அடி விழுந்ததாம். தன் அப்பாவை இளவயதிலேயே இழந்ததால் படிப்பை விட்டுவிட்டு, கைக்குழந்தையாக இருந்த தம்பியை, அதாவது உங்கள் மாமாவை, வளர்த்து ஆளாக்கினார்.

பிறகு கோலா கெடாவில் மீன் பதனிடும் வேலைக்குப் போனார். அங்கேதான் நான் ஐஸ் லாரி ஓட்டிக்கொண்டிருந்தேன். படகுகளுக்குப் பெயரும் பூவும் எழுத ஆள் தேடினார் படகு முதலாளியான ஒரு சீனத் தவுக்கே. அம்மா முன்னால் போய் நின்றார். பெண் ஏறினால் படகுக்கு ஆகாது என்று தவுக்கே கையை ஆட்டிவிட்டார். அம்மா சண்டை போடவில்லை. தண்ணீர் வற்றும்வரை காத்திருந்து, முழங்கால் சேற்றில் நின்றபடியே, படகில் ஏறாமல் எழுதி முடித்தார். மறுநாள் பக்கத்துப் படகுக்காரரும் பெயிண்ட் டின்னோடு வந்து நின்றார். சேற்றில் நின்ற அந்தப் பெண்ணுக்கு ஐஸ் உடைத்துக் கொடுத்தவன்தான் நான்.

திருமணத்துக்குப் பிறகு பாடாங் செராயில் கடைப் பலகைகள், சேலை ஓவியம், கோயில் விழாத் திரைகள் என்று கிடைத்ததையெல்லாம் செய்தார். கடைசியில் காவடிக்கு வந்து சேர்ந்தார். வெள்ளை ஃபோம் பலகையைச் சூடான கம்பியால் அறுத்து, மயிலும் வேலும் செதுக்கி, வண்ணம் ஏற்றி, இரும்புக் கூட்டில் பொருத்துவது அந்த வேலை. உங்கள் படிப்பு பாதி அந்த மயில்களால் நடந்தது என்று சொன்னால் மிகையில்லை.

இனி எழுதப்போவதில் பாதிதான் உங்களுக்குத் தெரியும். அப்போது கவிதா, நீ வேலைக்காகப் பினாங்கில் இருந்தாய். முகிலா, உனக்குப் பரீட்சை.

அம்மாவுக்குச் சிறுநீரகம் பழுதாகி இரத்தம் சுத்திகரிக்கத் தொடங்கி நாளாகியிருந்தது. அதற்காக இடக்கையில் ஏற்படுத்தியிருந்த இரத்தக்குழாய் இணைப்பு ஒரு நாள் அடைத்துக்கொண்டது. திறக்கப் பார்த்தார்கள், முடியவில்லை. தற்காலிகமாகக் கழுத்தில் குழாய் போட்டார்கள். அது நெடுநாள் இருந்தால் கிருமி இரத்தத்தில் ஏறிவிடும், வலக்கையில் புது இணைப்பு வைத்தே ஆக வேண்டும் என்றார் டாக்டர்.

"வலது கையா?" என்று அம்மா கேட்ட குரல் எனக்கு இன்னும் காதில் இருக்கிறது. "அதுல நான் வேல செய்யணுமே டாக்டர்."

"லேசான வேலை செய்யலாம் அம்மா. ஆனா சிலருக்கு விரலு மரத்துப் போகும். முன்கூட்டி சொல்ல முடியாது."

அந்த நேரம் பார்த்துத்தான் மாமா வீட்டுக்கு வந்து, அக்காவுக்காகத் தைப்பூசத்தில் காவடி எடுப்பதாக நேர்ந்துகொண்டதைச் சொன்னார்.

"நீ தூக்குறதுக்குக் காவடி வேணாம்டா, ஒன்னயத் தூக்கத்தான் கிரேன் வேணும்" என்று அம்மா கேலி செய்தார்.

"சிரிக்காத அக்கா. வேற ஆளு செஞ்ச காவடிய நான் தோள்ல வைக்க மாட்டேன். நீதான் செய்யணும்."

சிரித்துக்கொண்டிருந்த அம்மாவின் முகம் மாறிவிட்டது. மாமா போனதும் என்னைக் கூப்பிட்டார்.

"என்னங்க, இந்தக் காவடிய முடிச்சிட்டு ஆப்பரேஷனுக்குப் போறேன். அதுவரைக்கும் டாக்டர்கிட்ட தேதிய வாங்காதீங்க."

"கழுத்துல குழாய வச்சிக்கிட்டா?"

"குழா கழுத்துலதான இருக்கு. கையில இல்லியே."

ஒரு பக்கம் உயிர், இன்னொரு பக்கம் கை. கை போனால் பின்னால் உயிரோடு இருந்து என்ன என்று நினைக்கிற மனுஷியிடம் நான் எதைச் சொல்லி வாதாடுவது?

தீபாவளி முடிந்ததும் மாமாவை நிற்கவைத்து இடுப்பையும் தோளையும் அளந்தார். இரும்புக் கூடு வளைத்தவர் கூலிம் பட்டறைக்காரர். அம்மா வலக்கையால் ஒரு மயிலை அறுத்தார். அப்படி ஒரு மயிலை நான் பார்த்ததில்லை. கழுத்து திரும்பி நம்மையே பார்ப்பதுபோல் இருக்கும். நான் தினமும் அவர் நெற்றியைத் தொட்டுத் தொட்டுப் பார்த்துக்கொண்டிருந்தேன். சூடாக இருக்கிறதோ என்று பயம். "இஸ்திரிப் பெட்டியா நான், தொட்டுத் தொட்டுப் பாக்குறீங்க?" என்று கையைத் தட்டிவிடுவார்.

இரண்டாவது மயிலுக்குப் பலகையில் கோடு போட்டிருந்த வாரத்தில், சுத்திகரிப்பு நிலையத்தில் நாற்காலியில் இருந்தபடியே அம்மாவுக்கு உடம்பு தூக்கித் தூக்கிப் போட்டது. பல் கிட்டியது. நாற்காலியே ஆடியது. தாதி மிஸ்ஸிகள் ஓடி வந்து இயந்திரத்தை நிறுத்தினார்கள். பயந்தது நடந்துவிட்டது. இரத்தத்தில் கிருமி. ஆஸ்பத்திரி வாசலில் உட்கார்ந்து, உங்களுக்குப் போன் செய்யலாமா வேண்டாமா என்று போனைக் கையில் உருட்டிக்கொண்டே இருந்தேன்.

காய்ச்சல் இறங்கிக் கண் திறந்ததும் அம்மா கேட்ட முதல் வார்த்தை: "பலகைய எலி கடிக்காம மூடி வச்சீங்களா?" அடுத்தது: "டாக்டரக் கூப்பிடுங்க. கைய எடுத்துக்கச் சொல்லுங்க."

வலக்கையில் அறுவை நடந்தது. இணைப்பு நன்றாகவே வேலை செய்தது. ஆனால் விரல்கள் ஐஸ்போலக் குளிர்ந்தன, பிரஷ் பிடித்தால் நழுவியது. அம்மா அழுதாரா என்று கேட்காதீர்கள். நான் பார்க்கவில்லை. குளியலறையில் தண்ணீர் வெகுநேரம் ஓடியது மட்டும் தெரியும்.

பிறகு இடக்கையில் கம்பியைப் பிடித்தார். முதல் வெட்டிலேயே மயிலின் கழுத்து துண்டாகிப்போனது. இரண்டாவது, மூன்றாவது பலகையும் வீண். எனக்கு ஆத்திரமாக வந்தது. "போதும் விடு, வேற யாராச்சும் செய்யட்டும்" என்றேன்.

"இது புதுசா ஸ்கூலுக்கு வந்த புள்ள மாதிரிங்க. அதட்டுனா அழும்" என்று தன் இடக்கையைத் தானே தடவிக்கொடுத்தார்.

மறுநாள் வழியைக் கண்டுபிடித்துவிட்டார். கம்பியைப் பிடித்து அறுத்தால்தானே கை நடுங்குகிறது? இரண்டு நாற்காலிகளுக்கு நடுவே கம்பியை அசையாமல் கட்டிவிட்டு, பலகையைக் கம்பியின்மேல் மெல்ல நகர்த்தினார். மயில் வந்தது. முதல் மயில்போல இல்லை. இது குனிந்து எதையோ தேடுகிற மயில். பிரஷுக்குப் பதில் ஸ்பாஞ்சால் ஒற்றி ஒற்றி வண்ணம் ஏற்றினார். பூசத்துக்கு முந்தைய வாரம் காவடி தயாராகிவிட்டது.

பூசத்தன்று ஆற்றங்கரையில் மாமாவின் தோளில் காவடியை ஏற்றினோம். ஏற்றியதும் கூடு இடுப்பில் நிற்காமல் தொங்கி, ஒரு பக்கம் சாய்ந்தது. இரண்டு பேர் தாங்கிப் பிடித்தோம். மேளக்காரர் அடிப்பதை நிறுத்திவிட்டார்.

என்ன நடந்தது என்று அம்மாவுக்கு உடனே புரிந்துவிட்டது. காவடி செய்கிற எல்லோருக்கும் அவர் சொல்லுகிற பாடம் அது: விரதம் பாதி கழிந்த பிறகுதான் ஆளை அளக்க வேண்டும். விரதத்தில் உடம்பு வற்றிவிடும். வலக்கை இருக்கும்போதே முடித்துவிட வேண்டும் என்ற அவசரத்தில், மாமா விரதம் தொடங்கும் முன்பே அம்மா அளந்துவிட்டார். மாமாவின் தொப்பை விரதத்தோடு போய்விட்டது.

"எறக்கிடலாமா மச்சான்?" என்று மாமா என் காதில் கேட்டார். அவர் கண் கலங்கியிருந்தது. "அக்கா உயிருக்கு நேந்தது மச்சான். எறக்குனா..."

"எறக்காத!" அம்மா கரையில் போட்டிருந்த நாற்காலியிலிருந்தே குரல் கொடுத்தார். "முகிலா, கார் பின்சீட்ட அறுத்து ஸ்பாஞ்ச எடுத்துட்டு வா!"

"அம்மா, காரு..."

"காரா முக்கியம்? ஓடுடா!"

நாலு பேர் காவடியைத் தாங்கிப் பிடித்திருக்க, அம்மா இடக்கையில் கத்தியை வாங்கினார். மாமாவின் இடுப்பை விரலால் ஒரு முறை தடவிப் பார்த்தார். அளவுநாடா எதுவும் இல்லை. ஸ்பாஞ்சை வளைத்து வளைத்து அறுத்தார். அந்தக் கை நடுங்கவே இல்லை. மஞ்சள் துணி சுற்றி இரண்டு பக்கமும் செருகியதும் கூடு இறுகி நின்றது.

"ஆடிப் பாருடா" என்றார்.

மாமா ஆடினார். மயில் இரண்டும் அவரோடு ஆடின. மேளம் மறுபடி எழுந்தது.

அதற்குப் பிறகும் அம்மா பல பூசங்களைப் பார்த்தார், பல காவடிகளை இடக்கையாலேயே செய்தார். குனிந்து தேடும் மயில்தான் வேண்டும் என்று தூரத்து யான் ஊரிலிருந்துகூடக் கேட்டு வந்தார்கள். சென்ற ஆண்டு இதயம் பலவீனமாகி, ஆஸ்பத்திரியில் நாம் மூவரும் பக்கத்தில் இருக்கும்போதே அமைதியாகப் போய்விட்டார்.

அம்மாவைத் தங்கள் தாயைப்போலப் பார்த்துக்கொண்ட சுத்திகரிப்பு நிலைய மிஸ்ஸிகளுக்கும், நான் லாரியில் வெளியூர் போன நாட்களில் தம் காரில் கூட்டிப்போய்க் கூட்டிவந்த பக்கத்து வீட்டு அண்ணனுக்கும், அக்காவின் இறுதிச் சடங்கைத் தன் செலவில் நின்று நடத்திய மாமாவுக்கும், கருமக்கிரியைக்கு வந்து துணைநின்ற உறவுகள் அனைவருக்கும் எங்கள் குடும்பம் கடமைப்பட்டிருக்கிறது.

இன்னும் ஒருவர் பாக்கி. கூலிமில் தொழிற்சாலை வேலை பார்க்கும் ஒரு தம்பி. அம்மா கடைசியாகச் செய்துகொண்டிருந்த காவடி அவருடையது. ஒரு மயிலுக்கு வண்ணம் ஏற்றியாகிவிட்டது. இன்னொன்று வெறும் வெள்ளை, பென்சில் கோடு மட்டும். கவிதா, நீ வண்ணம் அடித்துத் தருவதாகச் சொன்னாய். "வேணாம் அக்கா, அம்மா போட்ட கோடு தெரியட்டும்" என்று அப்படியே எடுத்துக்கொண்டு போனார்.

இந்தப் பூசத்தில் அவர் பின்னாலேயே நானும் நடந்தேன். வழியில் யாரோ ஒருவர் சத்தமாகக் கேட்டார்: "என்ன தம்பி, ஒரு பக்கம் பெயிண்ட் தீந்துபோச்சா?"

"இல்லண்ணே," என்றார் அந்தத் தம்பி, ஆட்டத்தை நிறுத்தாமலே. "இன்னும் வேல நடக்குது லா."

அன்புடன்,
உங்கள் அப்பா