வளைவு வந்தால் இறங்கி நடப்பவள்

ஸ்பேர் பார்ட்ஸ் கடைக்காரருக்கு மாப்பிள்ளையின் வண்டியைக் கண்டாலே குமட்டிக்கொண்டு வரும். அவர் நாலாம் வகுப்போடு பள்ளிக்கூடத்துக்குக் கும்பிடு போட்டவர். கிரீஸ் கையாலேயே இரண்டு மாடி எழுப்பியவர். எந்த வண்டிக்கு எந்தச் சாமான் என்று தூக்கத்தில் எழுப்பிக் கேட்டாலும் சொல்வார். அப்படிப்பட்ட மனுஷருக்கு வாய்த்ததோ, ஆடத் தெரியாமல் மேடை கோணல் என்கிற மாப்பிள்ளை.

மாப்பிள்ளைக்கு வங்கியில் வேலை. ரயில்வே கேட் வளைவில்தான் எப்போதும் விழுவார். முதலில் டயர் வழுக்குகிறது என்றார். அகல டயர் போட்டாயிற்று. அப்புறம் பிரேக் போதவில்லையாம். பெரிய டிஸ்க் வந்தது. அதற்கும் பிறகு ஷாக் அப்சார்பர் மேல் பழி. சிவப்பு ஸ்பிரிங் ஜோடி ஏறியது. வண்டி மணப்பெண் மாதிரி ஜொலித்தது, முழங்கை மட்டும் தோலுரிந்தே கிடந்தது. வளைவுக்குள் பாதி போன பிறகுதான் இவருக்குப் பயம் வரும்; லபக்கென்று முன் பிரேக்கைப் பிடிப்பார். கண் வழியில் இருக்காது, எதிர்ச் சுவரில் இருக்கும். கண் போன இடத்துக்குத்தானே வண்டியும் போகும்? தங்கத்தில் பிரேக் செய்து மாட்டினாலும் மண்ணைத்தான் கவ்வ வேண்டும்.

பின்னால் உட்காருகிறவள் ஐந்து மாதக் கர்ப்பிணி மகள். ஆனால் பெண்ணைக் கொடுத்த இடத்தில் வாயைத் திறக்க முடியுமா? கேட்டதையெல்லாம் அடக்க விலைக்கு எடுத்துக் கொடுப்பார். பிறகு கொல்லைப்புறம் போய்க் காறித் துப்பிவிட்டு வருவார்.

ஒரு நாள் சரக்கோடு பஸ்ஸில் வரும்போது ஜன்னல் வழியாகப் பார்த்தார். வளைவுக்கு முன்னால் மாப்பிள்ளை வண்டியை நிறுத்தினார். மகள் இறங்கி, வயிற்றைப் பிடித்துக்கொண்டு லாரிகளுக்கு ஓரமாக நடந்தாள். மாப்பிள்ளை இரண்டு காலையும் தரையில் தேய்த்தபடி வளைவைக் கடந்து காத்திருந்தார். மகள் போய் மறுபடி ஏறிக்கொண்டாள். தினப்படி வழக்கம் போலிருக்கிறது. சீ, இவனெல்லாம் ஒரு ஆண்பிள்ளையா என்று இருந்தது அவருக்கு.

அன்று சாயங்காலமே இருவரும் கடைக்கு வந்தார்கள். மாப்பிள்ளைக்குப் புது ஹேண்டில்பார் வேண்டுமாம்.

"தர மாட்டேன் மாப்பிள்ளை."

"ஸ்டாக் இல்லையா மாமா?"

"இருக்கு. வண்டில ஒரு குறையும் இல்ல. நீங்க முதல்ல ஓட்டக் கத்துக்கிட்டு வாங்க."

கடையில் நின்றவர்கள் சாமான்களை உற்றுப் பார்ப்பது போல் பாவனை செய்தார்கள். மாப்பிள்ளை முகம் கறுத்துவிட்டது. எதிர்க் கடையில் வாங்கிக்கொள்வதாகச் சொல்லி வண்டியைக் கிளப்பினார். மகளை ஏறச் சொன்னார்.

அவள் நகரவில்லை. "நீங்க போங்க. நான் பஸ்ல வரேன்."

"உங்கப்பா சொல்லிக் குடுத்தாரா?"

"யாரும் சொல்லல. வளைவுக்கு வளைவு இறங்கி நடக்க இனிமே என்னால முடியாதுங்க."

மாப்பிள்ளை என்ஜினை அணைத்தார். டேங்க்கைப் பார்த்தபடி, எங்கே போய்க் கத்துக்கிறதாம் என்று முனகினார். டிரைவிங் ஸ்கூல் மைதானத்தில் காலையில் சொல்லித் தருகிறார்கள் என்றார் மாமனார்.

"சின்னப் பசங்களோடயா?"

"ஆமா. அவனுங்களாவது சொன்னா கேக்குறானுங்க."

மாப்பிள்ளை வண்டியைக் கிளப்பினார். எதிர்க் கடைப் பக்கம் திரும்பவில்லை. தனியாக, மாட்டு வண்டி வேகத்தில் போனார். தெருக்கோடியில் விழுகிற சத்தம் வருமோ என்று அப்பனும் மகளும் காது கொடுத்து நின்றார்கள். வரவில்லை. அவர் கடையை வேலையாளிடம் விட்டுவிட்டு, அவளோடு பஸ் நிறுத்தத்துக்கு நடந்தார்.